நலம் என்று சொன்ன வீடுகள்

ஒரு நாள் காலையிலிருந்து மதியம்வரை, அணைந்து கிடந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகம் இன்றைக்கு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று நான் பூரித்துப் போயிருந்தேன். அந்தப் பெட்டியை அணைத்தவனும் நான்தான். அணைத்துவிட்டு, அதற்குச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, தலையில் ஒரு சாமந்திப் பூவும் செருகியிருந்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இத்தனை வருஷமாகச் சொல்லியும் புரியவில்லை. "கரண்டு ஆபீஸா, கம்ப்யூட்டர் ஆபீஸா, ஒண்ணு சொல்லுங்க" என்பாள். இரண்டும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே ஒரு லேத் பட்டறை, மாடியில் எங்கள் ஆபீஸ். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கமெல்லாம் மொட்டைமாடியில் சோலார் பலகை போட்டு, வீட்டுக்குள் பேட்டரியும் வைத்திருப்பவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி மேய்ப்பது எங்கள் தொழில். ஊரில் கரண்டுக்கு இழுபறி வரும் நேரத்தில் இங்கிருந்து 'கொடு' என்று ஒரு கட்டளை போகும். அத்தனை வீட்டு பேட்டரியும் தன்னிடம் இருப்பதை லைனுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். இழுபறி தீர்ந்ததும் 'போதும்' என்று இன்னொரு கட்டளை. தனியாக எடுத்தால் ஒரு வீட்டு பேட்டரி இரண்டு மிக்சி ஓட்டும், அவ்வளவுதான். எல்லாம் ஒரே சமயத்தில் சொன்ன பேச்சைக் கேட்டால் அது ஒரு குட்டி மின்நிலையம்.

சொன்ன பேச்சைக் கேட்க வைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு டப்பா இருக்கும், உள்ளே சிம் கார்டோடு. 'நான் இருக்கிறேன், என் பேட்டரியில் இவ்வளவு இருக்கிறது, மாடியில் வெயில் இவ்வளவு' என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தனை வீட்டுப் பேச்சும் எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ஒரு பெரிய பெட்டி வழியாகத்தான் உள்ளே வரும். எங்கள் கட்டளையும் அதே பெட்டி வழியாகத்தான் வெளியே போகும். சுவரில் பெரிய திரை. வீட்டுக்கு ஒரு கட்டம். பேசுகிற வீடு பச்சை. பேச்சு நின்ற வீடு சாம்பல் நிறமாகி, கூடவே கீ கீ என்று கத்தும்.

ஆரம்பத்தில் நாளெல்லாம் கீ கீதான். தூறல் போட்டால் சிக்னல் போகும். பட்டாபிராமில் மிலிட்டரி ரயில் சைடிங்கில் கூட்ஸ் வண்டி வந்து நின்றால் போகும் என்று நானே ஒரு ஆராய்ச்சி செய்து வைத்திருந்தேன். நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து, எங்கள் ஆபீஸைச் சுற்றிப் பார்க்கப் பெரிய மனிதர்கள் சிலர் வருவதாக இருந்தது. எங்களுக்கு மென்பொருள் எழுதும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஒரு வீடு பேசலைன்னா, கடைசியா அது என்ன சொல்லிச்சோ அதையே காட்டிக்கிட்டு இருக்கட்டுமே. எதுக்கு இந்தக் கத்தல்?"

"அது தப்பு சார். பழைய நம்பரைப் புதுசுன்னு நினைச்சுப்பீங்க."

"ரெண்டு நிமிஷத்துல திரும்பப் பேசிடுதேம்மா. அதுவரைக்கும் மானத்தைக் காப்பாத்து. அவங்க போனதும் மாத்திடலாம்."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்து கொடுத்தாள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள், போனார்கள். மாற்றச் சொல்ல நான் மறந்துபோனேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. அமைதி பழகிவிட்டது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் 'ஓகே' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'நலம்' என்று போடச் சொன்னதும் நான்தான். தமிழ்ப் பற்று. சுவர் முழுக்க நலம், நலம், நலம் என்று எழுதியிருக்கும். ஊரில் உள்ள அத்தனை பேரும் எனக்குக் கடுதாசி போட்ட மாதிரி ஒரு பெருமை.

இனி பட்டாபிராம் வீட்டுக்கு வருகிறேன். ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அங்கே சொந்தமாக வீடு கட்டியிருந்தார். சோலார் போட்டு, பேட்டரி வைத்து, எல்லாம் கச்சிதம். எங்களோடு சேரச் சொல்லிப் பேச நானே போயிருந்தேன். ஆட்களைச் சேர்ப்பதற்கு என்னைத்தான் அனுப்புவார்கள். வாய் உள்ளவன் என்று ஆபீஸில் ஒரு நம்பிக்கை.

அவர் மனைவிக்கு நுரையீரல் சரியில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் சின்ன அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். புஸ்... டக். புஸ்... டக். அந்த வீட்டில் எந்நேரமும் அந்தச் சத்தம். அந்தம்மாள் குழாயை இழுத்துக்கொண்டே அடுப்படிவரைக்கும் போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். நான் சும்மா இருக்காமல் ஏதோ ஒன்று சொல்லிவைத்தேன். "கரண்டு பில்லைக் குறைக்க வந்தவன்கிட்ட சர்க்கரையைக் குறைச்சிட்டீங்களே" என்றோ என்னவோ. பெரிய ஜோக்கெல்லாம் இல்லை. அந்தம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், முகம் கறுத்து, அவர் கணவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் காபியைப் பார்த்துக்கொண்டேன்.

அடங்கியதும் கணவர் சொன்னார்: "தம்பி, உங்க லைனுக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. ஆனா பாதி எனக்கு வேணும். கரண்டு போச்சுன்னா இந்த மெஷின் நிக்கக் கூடாது. நின்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

புது ரக டப்பா என்றால் அதற்குள்ளேயே 'பாதிக்குக் கீழே இறங்காதே' என்று எழுதி வைத்துவிடலாம். அப்போது எங்கள் கையிருப்பில் இருந்தது, பல வீடுகளில் மாட்டியிருந்த அதே பழைய ரக டப்பா. அதற்கு அந்த அறிவெல்லாம் கிடையாது. கடைசியாக எந்தக் கட்டளை வந்ததோ, அடுத்தது வரும்வரை அதையே செய்துகொண்டிருக்கும்.

"புது டப்பா வந்ததும் மாத்திடறேன் சார். அதுவரைக்கும் பாதி வந்ததும் நானே இங்கேருந்து கையால நிறுத்திடறேன். நீங்க எதையும் தொடவே வேணாம். நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன். அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரையும் சேர்த்துவிடலாம் என்று அப்படியே ஒரு நடை போனேன். அவர் வீட்டில் சோலாரெல்லாம் இல்லை. தண்ணீர் ஊற்றும் பழைய பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும்தான். சோலார் போட்டால் எங்களோடு சேரலாம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இரு இரு. என் ஊட்ல, என் துட்டுல பேட்டரி. அதுக்கு நீ அம்பத்தூர்ல குந்திகினு ஆர்டர் போடுவே?"

"அப்படி இல்லண்ணே..."

"இன்னா நொண்ணே. என் பேட்டரி என் பொண்டாட்டி பேச்சையே கேக்காது. நீ கெளம்பு."

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் முதலாளி முன்பு கீழே இருக்கும் லேத் பட்டறையில் வேலை பார்த்து, அதையே வாங்கி, அதற்கு மேலே எங்கள் கம்பெனியை வைத்தவர். வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். பூஜை என்றால் பட்டறை முறைப்படி நடக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி. எங்கள் மாடியில் கும்பிடுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயர், லேப்டாப். அலமாரியில் அந்தப் பெட்டி.

நான் சந்தனக் கிண்ணத்தோடு பெட்டிப் பக்கம் போனபோது முதலாளி கத்தினார்.

"நைனா! ஓட்ற மெஷினுக்குப் பொட்டு வெக்காதே! மொதல்ல ஆஃப் பண்ணு. எனக்குப் போன வெரலு போதும்."

"சார், இதுல சுத்துறது ஒண்ணும் இல்ல சார்."

"மெஷினா இல்லியா?"

"மெஷின்தான்."

"அப்பறம் இன்னா? ஒரு நிமிஷம் நிறுத்து, வெய், போடு. சாமிக்கு முன்னாடி வக்கீல் மாதிரி பேசாதே."

நிறுத்தினேன். திரையை மட்டும் நிறுத்தவில்லை. "டிவி வெரலைக் கடிக்காது, ஓடட்டும்" என்று முதலாளியே விலக்கு கொடுத்துவிட்டார். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தடவி, பொட்டு வைத்து, பூ செருகினேன். திரைக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றி, சட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு. அதற்குள் கீழே பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். வாசலில் கற்பூரம் காட்டி, குங்குமம் கலந்து, ஓங்கி உடைத்தார்கள். மேலே வந்ததும் பொரி, கடலை, ஒரு லட்டு. லட்டைக் கண்டவன் பெட்டியை மறந்தான்.

அன்று மதியமே நான் 'கொடு' என்று கட்டளை அனுப்பியிருந்தேன். லீவுக்கு முன்னால் ஆர்டரை முடித்துவிட வேண்டும் என்று எஸ்டேட் முழுக்க எல்லாப் பட்டறையும் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது, லைன் திணறியது. பூஜை முடிந்ததும் 'போதும்' என்ற பொத்தானை அழுத்தினேன். 'அனுப்பியாச்சு' என்று திரை சொன்னது. அதுவும் நான் எழுதச் சொன்ன வார்த்தைதான். பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அனுப்பினேன் என்பதற்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் நடுவில் அலமாரியில் ஒரு பெட்டி செத்துக் கிடந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. யாராவது ஒருவர் ஆபீஸில் இருக்க வேண்டும் என்றபோது நானாகக் கை தூக்கினேன். வீட்டில் இருந்தால் மிக்சி, கிரைண்டர், சைக்கிள், கத்தரிக்கோல் என்று வரிசையாகக் கழுவச் சொல்வார்கள்.

எஸ்டேட்டை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. ஒரு கம்ப்ரஸர் இரைச்சல் இல்லை, வெல்டிங் வெளிச்சம் இல்லை, லோடு வண்டி ஹாரன் இல்லை. இறக்கிய ஷட்டர்களின் ஓரத்தில் வாழைக்கன்றுகள் மட்டும் காற்றில் ஆடின. ஒவ்வொரு வாசலிலும் சிவந்துபோன பூசணித் துண்டுகள். முந்தின நாள் பார்த்தபோது அது பூசணிக்காய். ஆள் இல்லாத தெருவில் பார்க்கும்போது வேறு என்னமோ மாதிரி இருந்தது. மாடிப்படி ஏறும்போது பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். லேத்துகள் எல்லாம் நெற்றியில் பொட்டோடு, மாலையோடு, இருட்டில் வரிசையாக நின்றன. எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு நினைப்பு. "வணக்கம்ணே" என்று சொல்லிவிட்டு வேகமாக ஏறினேன்.

திரையில் எல்லாம் பச்சை. நலம், நலம், நலம். வழக்கமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடாவது பேட்டரி சூடு, ஒயர் கோளாறு என்று ஏதாவது முறையிடும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. பூஜை பலித்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். முதலாளிக்கு போன் போட்டு, "சார், ஒரு வீடும் மொனகலை" என்றேன். "பாத்தியா" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் போனதும் ஏதோ ஒன்று உறுத்த ஆரம்பித்தது. என்னவென்று பிடிபடவில்லை. மின்விசிறியை அணைத்துப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து மூடினேன். திரும்பத் திரும்பத் திரையையே பார்த்தேன். கட்டங்கள், நம்பர்கள், கதம்பம், பொட்டு. எங்கேயோ பார்த்த காட்சி. எங்கே என்று யோசித்து யோசித்து, கடைசியில் விளங்கியது. செத்துப்போனவர்களின் போட்டோவைத்தான் இப்படிப் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றிச் சுவரில் மாட்டுவோம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவர்கள் கண் சிமிட்ட மாட்டார்கள்.

அந்தத் திரையில் ஒரு நம்பர்கூடச் சிமிட்டவில்லை.

வீட்டு பேட்டரி என்றால் ஒன்று ஏறும், இல்லை இறங்கும். ஒரு ஃபேன் போட்டால்கூடக் கடைசி இலக்கம் ஆடும். இங்கே எல்லாம் அப்படியே நின்றது. இருந்தும் நான் என்ன செய்தேன்? லீவு நாள், எல்லோரும் பூஜையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பொரியைக் கொறித்தேன். பயந்தவன் சமாதானம் தேடினால் எதையும் நம்புவான்.

மதியம் வானம் இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் போன் அடித்ததே முதலில் கேட்கவில்லை. பட்டாபிராம் ஃபேக்டரிக்காரர். குரல் விட்டுவிட்டு வந்தது.

"தம்பி... இங்க கரண்டு போயிருச்சு. மரம் விழுந்திருக்காம். உங்க பேட்டரி கீ கீன்னு கத்துது."

நான் திரையில் அவர் கட்டத்தைப் பார்த்தேன். பச்சை. எண்பத்திரண்டு. நலம்.

"சார், கவலையே படாதீங்க. உங்க பேட்டரி எண்பத்திரண்டு இருக்கு. என் கண்ணு முன்னாடி இருக்கு."

"இங்க செவப்பு லைட்டு எரியுது தம்பி."

"லைட்டுல ஏதாவது கோளாறா இருக்கும் சார். எண்பத்திரண்டு. எனக்கு இங்கே நல்லாத் தெரியுது."

"தம்பி, நான் பேட்டரிக்குப் பக்கத்துலதான் நிக்கேன்..."

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. அங்கே டவரும் கரண்டு இல்லாமல் படுத்துவிட்டது போல.

அந்த மனிதர் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். நான் எங்கேயோ மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு அவருக்கு மறுப்புச் சொன்னேன். போனை மேசையில் வைத்தபோதுதான் அவர் கட்டத்தின் கீழ் வரியைப் பார்த்தேன். மாடியில் வெயில் எவ்வளவு என்று காட்டும் வரி. நல்ல வெயில் அடிப்பதாகச் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத மழை. அடுத்த கட்டம், ஆவடி: வெயில். பூந்தமல்லி: வெயில். சுவர் முழுக்க ஒரே வெயில். நேற்றைய வெயில்.

மெதுவாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. பூ மட்டும் வாடாமல் இருந்தது.

ஸ்விட்சைப் போட்டேன். பெட்டி முனகி, விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. திரையில் நலம் என்ற வார்த்தை ஒரு மூலையில் மறைந்தது. பக்கத்தில் ஒன்று. அப்புறம் சடசடவென்று. எண்பது என்றிருந்தது பத்தாகியது, எழுபது ஐந்தாகியது. நேற்று மதியத்திலிருந்து அந்த வீடுகள் எல்லாம் நான் சொன்னதை நம்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. உள்ளே பாதியை வைத்துக்கொள்ளத் தெரிந்த டப்பாக்கள் மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தன. பட்டாபிராம் கட்டம் அசையவில்லை. பேச அங்கே டவர் இல்லை. எண்பத்திரண்டு, நலம் என்று அது பாட்டுக்கு நின்றது. அந்த ஒரு நலத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்தேன். திருமுல்லைவாயல் தாண்டி ஆவடிவரைக்கும் ரோட்டில் ஆளே இல்லை. மழையில் ஷட்டர்களின் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. நின்றிருந்த பஸ்கள், ஆட்டோக்கள், ஒரு ஜேசிபி, எல்லாவற்றுக்கும் மாலை, எல்லாவற்றுக்கும் பொட்டு, எதிலும் ஆள் இல்லை. மனிதர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டு, மெஷின்களை மட்டும் அலங்காரம் செய்து விட்டுவிட்டுப் போன ஊர் மாதிரி இருந்தது. சிக்னல்கள் அணைந்திருந்தன. வழக்கமாகத் தனியாக வண்டி ஓட்டினால் எனக்கு நானே ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொள்வேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. புஸ்... டக் என்ற அந்தச் சத்தம் மட்டும் எஞ்சினுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றிருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைக்காமல் ஓட்டினேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவும் இல்லை.

அவர் தெரு இருண்டு கிடந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. "சார்" என்றேன். பதில் இல்லை. உள்ளே போனேன். மத்தியானமே அந்தி மாதிரி இருட்டு. சாமி அலமாரியில் விளக்கு அணைந்து, எண்ணெய் வாசனை. அந்தம்மாளின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்த பள்ளம் மெத்தையில் அப்படியே இருந்தது. மெஷின் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தரையில் அதன் நான்கு சக்கரங்களின் தடம் மட்டும். அறுந்துபோன குழாய்த் துண்டு ஒன்று நாற்காலிக் காலடியில் கிடந்தது. அந்த வீட்டுக்குள் நான் ஒருமுறைகூட அந்தச் சத்தம் இல்லாமல் நின்றதில்லை.

இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம். சுவரில் எங்கள் டப்பா. அதற்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு நகம் அளவு சின்னத் திரையில், 'கொடு' என்று இருந்தது. கொடுப்பதற்கு அந்த வீட்டில் இனி ஒன்றுமே இல்லை. வாங்கிக்கொள்ள வெளியே லைனும் இல்லை. ஆனாலும் நான் நேற்று சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை அது இன்னும் செய்துகொண்டிருந்தது. அந்தம்மாள் அதற்கும் அழகாகப் பொட்டு வைத்திருந்தார்.

"போதும்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"யோவ்! ஆர்டர் போட்றவரே! அங்க யார்கிட்ட பேசினு கீறே?"

ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், தலையில் பாலிதீன் பையோடு ஆட்டோக்காரர் நின்றார்.

"அவங்க..."

"இங்க என் ஊட்ல கீறாங்க. வா, வந்து பாரு."

சுவரைச் சுற்றி ஓடினேன். வாசலில் கால் வைப்பதற்கு முன்பே கேட்டது. புஸ்... டக். புஸ்... டக். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெஷின் நின்றதும் அது போட்ட அலறல் பக்கத்து வீடுவரைக்கும் கேட்டிருக்கிறது. ஆட்டோக்காரரும் அவர் மனைவியும் ஓடிப்போய், அந்தம்மாளை நாற்காலியில் இருந்து தூக்கி, மழையில் மெஷினை உருட்டிக்கொண்டு, யார் பேச்சையும் கேட்காத அந்தப் பழைய பேட்டரியில் மாட்டிவிட்டார்கள். அந்தம்மாள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு நீலம் பாரித்து இருந்தது. அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாதாந்திரக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"எண்பத்திரண்டுன்னு சொன்னீங்களே தம்பி."

ஆட்டோக்காரர் எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

"உன் கம்ப்யூட்டர்ல இன்னும் எண்பத்தி ரெண்டு கீதா, போயி பாத்துக்கோ. எங்க பேட்டரில இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும்னு எனக்கே தெரியாது. வண்டி வந்துச்சா?"

ஆம்புலன்ஸ் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ராத்திரிவரை காத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் டாக்டர் "ஒண்ணும் ஆபத்து இல்ல, ரெண்டு நாள் பார்த்துட்டு அனுப்பிடுவோம்" என்றதும், நான் கிளம்பி, ஆபீஸுக்குப் போய் மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக 'போதும்' அனுப்பினேன். இந்த முறை 'அனுப்பியாச்சு' என்றதை நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டு நம்பரும் மெல்ல ஏற ஆரம்பிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருள் பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சாம்பல் நிறத்தையும் கீ கீயையும் திரும்பக் கொண்டுவந்தாள். நலத்தை எடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும், அந்த வீடு கடைசியாக எப்போது பேசியது என்ற நேரம் மட்டும் இருக்கிறது. முதலாளி, "இன்னாபா இது, நாள் பூரா கத்தினே கீது?" என்றார். கத்தட்டும் என்றேன். டீயை ஆறவிட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

புது டப்பாவை வாங்கி, நானே எடுத்துக்கொண்டு பட்டாபிராம் போனேன். இது பாதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எங்களிடமிருந்து பேச்சு நின்றுபோனால், கடைசிக் கட்டளையை மறந்துவிட்டு, வீட்டுக்காக மட்டும் வேலை பார்க்கும். அதை ஃபேக்டரிக்காரருக்கு இரண்டு முறை விளக்கினேன். அவர், "நீங்க சொல்றது இருக்கட்டும்" என்று சொல்லி, மெயின் ஸ்விட்சை அவரே இறக்கிச் சோதித்துப் பார்த்துக்கொண்டார். மெஷின் நிற்கவில்லை. புஸ்... டக்.

அந்தம்மாள் பழைய நாற்காலியில் இருந்தார். புதுக் குழாய். மெஷினின் மேல் பொட்டு இன்னும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை அன்று வைத்ததா என்று கேட்டேன். தலையாட்டினார். நிறுத்திவிட்டா வைத்தீர்கள் என்று கேட்கும்போதே என் கேள்வியின் அசட்டுத்தனம் எனக்குப் புரிந்துவிட்டது.

"இதை நிறுத்தி எப்படிப்பா வைக்கிறது? ஓட ஓடத்தான் வச்சேன்."

சங்கடமான இடத்தில் என் வாய் வழக்கமாகச் செய்கிற வேலையை அது செய்தது. "எங்க முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, வெரலு போயிடும்னு பயப்படுவாரு. அவர் பேச்சைக் கேட்டு நான்..." என்று இழுத்து, கையை ஆட்டி, முகத்தைக் கோணி, முழுசாக ஒரு கதைக்குத் தயாரானேன்.

அந்தம்மாள் கையைக் கொஞ்சம் உயர்த்தி என்னை நிறுத்தினார். மெஷின் ஒருமுறை மூச்சு விடும்வரை காத்திருந்தார்.

"சிரிக்கிறதுக்கு மூச்சு வேணும்பா. எனக்கு இருக்கிறதே கொஞ்சம். நீ வேலையைப் பாரு."